மொழியின் முரண்டு, கன்சோலின் பூட்டு: வாசகர் கேள்வி–பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி "என் மொழி ஏன் இப்படி நடந்துகொள்கிறது?" என்பவை. மீதி "காசு கொடுத்து வாங்கிய கன்சோலில் நான் எழுதியது ஏன் ஓடாது?" என்பவை. நிரலில் வரும் ஆங்கிலச் சொற்களை ஒலிப்பு மாறாமல் தமிழில் அச்சிட்டிருக்கிறோம். தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஜாவாஸ்கிரிப்ட்டில் 100, 25, 9 என்ற மூன்று எண்களை சார்ட் செய்தால் வரிசை மாறாமல் அப்படியே நிற்கிறது. ஒற்றை இலக்க எண்களைக் கொடுத்தால் ஒழுங்காக வருகிறது. பிரவுசரில் கோளாறா?

பிரவுசர் மேல் தப்பில்லை. சார்ட்() என்று வெறுமனே அழைத்தால், ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வோர் உறுப்பையும் எழுத்துச்சரமாக மாற்றிவிட்டுத்தான் ஒப்பிடும். அகராதியில் சொற்களை அடுக்குவதைப்போல முதல் எழுத்திலிருந்து பார்க்கும். உங்கள் எண்களின் முதல் இலக்கங்கள் 1, 2, 9. அந்தக் கணக்குப்படி பட்டியல் ஏற்கெனவே வரிசையில்தான் இருக்கிறது. ஒற்றை இலக்கங்களில் எழுத்து வரிசையும் எண் வரிசையும் ஒன்றாகிவிடுவதால் சோதனையில் இது பிடிபடாது.

ஒப்பிடும் விதியை நீங்களே கொடுங்கள்: சார்ட்((அ, ஆ) => அ - ஆ). மாறிகளுக்குத் தமிழ் எழுத்து வைத்தாலும் மொழி ஏற்கும். இறங்குவரிசைக்கு ஆ - அ.

இங்கே இன்னொரு குழி உண்டு. பலர் கழித்தலுக்குப் பதில் அ > ஆ என்று எழுதுகிறார்கள். அது மெய், பொய் என்று விடை தரும். எண்ணாக மாற்றினால் 1 அல்லது 0. "அ முன்னால் வரவேண்டும்" என்று சொல்லத் தேவையான எதிர்ம எண் ஒருபோதும் வராது. குரோமின் வி8 இஞ்சின் 2018 வரை சிறிய பட்டியல்களுக்கு வேறு முறையைக் கையாண்டதால் இந்தத் தப்பு தற்செயலாக மறைந்திருந்தது. அது டிம்சார்ட் என்ற வேறொரு வரிசைப்படுத்தும் முறைக்கு மாறியதும் வருடக்கணக்காக ஓடிய தளங்கள் திடீரென்று வரிசை குலைந்தன. இஞ்சினைத் திட்டியவர்கள் ஏராளம், ஆனால் தப்பு நிரலில்தான் இருந்தது.

சார்ட் மூலப் பட்டியலையே மாற்றிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். மூலம் அப்படியே இருக்கவேண்டும் என்றால் 2023 பதிப்பில் வந்த டுசார்ட்டட்() இருக்கிறது.

கேள்வி: அதே மொழியில் 'டைப்ஆஃப் நல்' (மதிப்பே இல்லை என்பதைக் குறிக்கும் நல் எந்த வகை) என்று கேட்டால் 'ஆப்ஜெக்ட்' என்கிறது. இத்தனை ஆண்டுகளில் இதைக்கூடவா திருத்தவில்லை?

திருத்தும் யோசனை வந்தது, நிராகரிக்கப்பட்டது. 1995இல் பிரெண்டன் ஐக் பத்தே நாளில் எழுதிய முதல் வடிவத்தில், ஒவ்வொரு மதிப்பின் கடைசி சில பிட்டுகள் அதன் வகையைச் சொல்லும். ஆப்ஜெக்ட்டுக்கான அடையாளம் பூஜ்யம். நல் என்பதோ எல்லா பிட்டும் பூஜ்யமான மதிப்பு. அதனால் வகை கேட்டபோது ஆப்ஜெக்ட் என்று விடை வந்தது. இன்று அதை மாற்றினால் அந்த விடையை நம்பி எழுதிய பழைய பக்கங்கள் உடையும். ஒரு மதிப்பு உண்மையிலேயே ஆப்ஜெக்ட்டா என்று பார்க்க, முதலில் !== நல், பிறகு டைப்ஆஃப். இரண்டும் வேண்டும்.

கேள்வி: 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் ஒரு மொழியில் 5, இன்னொன்றில் 15 என்று வருகிறது. எனக்கு வேண்டியது 3. தேடல் பெட்டியிலும் கண்ணுக்கு ஒரேமாதிரி தெரியும் சொற்கள் பொருந்துவதில்லை.

மூன்றுமே சரியான விடைகள்; எண்ணப்படும் பொருள்தான் வேறு. யூனிகோடில் இந்தச் சொல் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகள். ஜாவாஸ்கிரிப்ட்டும் பைத்தான் 3உம் சொல்வது இதை. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட், ஆகவே பிஎச்பியின் ஸ்டிரிங் நீளமும் கோ மொழியின் லென்னும் 15 என்கின்றன. நாம் எழுத்து என்று எண்ணும் த, மி, ழ் என்ற 3ஐ நேரடியாகத் தருவது ஸ்விஃப்ட். ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்ட்டில்.செக்மென்ட்டரை கிராஃபீம் (கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்து) அளவில் பயன்படுத்துங்கள். பிஎச்பியில் இன்ட்டில் நீட்சியின் கிராஃபீம்_எஸ்டிஆர்லென். தலைப்பை 20 எழுத்தில் வெட்டும் இடத்தில் இதைத்தான் பயன்படுத்தவேண்டும். இல்லாவிட்டால் புள்ளியும் கொம்பும் துண்டாகி 'தமிழ்' 'தமிழ' ஆகிவிடும்.

தரவுத்தளத்திலும் பாருங்கள். ஆரக்கிளில் வார்ச்சார்2 4000 என்று அறிவித்தால் இயல்பாக அது 4000 பைட். தமிழில் 1333 குறியீடுகளோடு இடம் முடிந்துவிடும். அறிவிக்கும்போது அளவை 'சார்' (குறியீடு) கணக்கில் கொடுக்கலாம்; ஆனால் வழக்கமான அமைப்பில் 4000 பைட் என்ற மொத்த வரம்பு அப்போதும் இருக்கும்.

இனி தேடல். 'கொ' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: ககரமும் ஒற்றை ஒகரக் குறியும், அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்று. திரையில் வித்தியாசமே தெரியாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி இயல்பாக்கம் (பிரிந்த குறிகளை ஒற்றைக் குறியாகச் சேர்ப்பது) செய்தால் இரண்டும் ஒன்றாகும். ஆனால் அது எல்லாவற்றையும் தீர்க்காது. ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ளகரமும் தட்டி 'கெள' என்று எழுதுகிறவர்கள் அநேகம்; யூனிகோடுக்கு அது வேறு சொல். ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீயும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீயும் அப்படியே. இவற்றுக்கு நீங்களே ஒரு மாற்று அட்டவணை எழுதவேண்டும். 'கெள' வை மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டு மாற்றாதீர்கள். 'கெளிறு' போன்ற சொற்களில் ளகரம் உண்மையான ளகரம்.

கேள்வி: பைத்தான் ஃபங்ஷன் ஒன்றுக்கு வெற்றுப் பட்டியலை இயல்பு மதிப்பாகக் கொடுத்தேன். இரண்டாம் முறை அழைத்தால் முதல் முறை போட்டவை உள்ளேயே கிடக்கின்றன.

இயல்பு மதிப்பு கணக்கிடப்படுவது டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒருமுறை. அழைக்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல் பிறப்பதில்லை. இயல்பு மதிப்பாக நன் (மதிப்பு எதுவும் இல்லை என்பதற்கான பைத்தான் சொல்) என்று வைத்து, உள்ளே "நன் என்றால் புதுப் பட்டியல்" என்று எழுதுங்கள். இதே காரணத்தால் இயல்பு மதிப்பில் டேட்டைம்.நவ்() என்று எழுதினால் நிரல் தொடங்கிய நேரமே நாள் முழுக்க வந்துகொண்டிருக்கும். பட்டியல் பிழையைவிட இது தாமதமாகத்தான் கண்ணில் படும்.

கேள்வி: பழைய பிஎச்பி தளம் ஒன்றில் தவறான கடவுச்சொல்லைப் போட்டாலும் உள்ளே விடுகிறது. எல்லாக் கணக்கிலும் இல்லை, ஒன்றிரண்டில் மட்டும்.

எம்டி5 ஹாஷ்களை (கடவுச்சொல்லிலிருந்து கணக்கிட்டுச் சேமிக்கும் சரங்களை) இரட்டைச் சமக்குறியால் ஒப்பிடுகிறார்கள் என்று அடித்துச் சொல்லலாம். ஒரு ஹாஷ் 0இல் தொடங்கி, அடுத்து 'ஈ' என்ற ஆங்கில எழுத்து வந்து, மீதி எல்லாம் இலக்கங்களாக அமைந்தால், பிஎச்பி அதை அறிவியல் குறியீட்டு எண்ணாகப் படிக்கும். பூஜ்யத்தைப் பத்தின் எந்த அடுக்கால் பெருக்கினாலும் பூஜ்யம். அப்படிப்பட்ட இரு ஹாஷ்கள் எதிரெதிரே வந்தால் இரண்டும் சமம். 240610708 என்ற சரத்தின் எம்டி5 இந்த வகை, சோதித்துப் பாருங்கள். 2020இல் வந்த பிஎச்பி 8 ஒப்பீட்டு விதிகளில் பலவற்றைச் சீராக்கியது, ஆனால் இருபுறமும் எண் வடிவச் சரங்களாக இருந்தால் பழைய கதைதான்.

=== போட்டால் ஓட்டை அடைபடும். அதோடு நிறுத்தாதீர்கள். எம்டி5ஐயே தூக்கிவிட்டு பாஸ்வேர்ட்_ஹாஷ், பாஸ்வேர்ட்_வெரிஃபை இரண்டுக்கும் மாறுங்கள். பயனர் அடுத்தமுறை சரியாக உள்ளே வரும்போது புதிய ஹாஷை எழுதிக்கொண்டால் யாரையும் கடவுச்சொல் மாற்றச் சொல்லவேண்டியதில்லை.

கேள்வி: பிக்கோ-8 என்ற கற்பனைக் கன்சோலில் (மென்பொருளாகவே இருக்கும் கன்சோல்) எழுதிய விளையாட்டில், திரைக்கு வெளியே வெகுதூரத்தில் இருக்கும் எதிரி மேல் குண்டு பட்டதாகக் கணக்காகிறது. தூரச் சூத்திரம் சரிதான்.

சூத்திரம் சரி, எண்ணுக்குத்தான் இடம் போதவில்லை. பிக்கோ-8இன் எண்கள் முழுப்பகுதிக்கு 16 பிட், பின்னத்துக்கு 16 பிட் கொண்டவை. 32767ஐத் தாண்டினால் எதிர்மத்துக்குச் சுற்றிக்கொள்ளும். கிடைத்தூரம் 200 என்றால் அதன் வர்க்கம் 40000. பெட்டியில் நிற்பதோ -25536. "64ஐவிடக் குறைவா?" (மோதும் தூரமான 8இன் வர்க்கம்) என்று கேட்டால் ஆமாம், மோதல்! 181 வரை பிழை வராது (181இன் வர்க்கம் 32761), 182இல் உடையும். 128 புள்ளி அகலத் திரைக்குள் மட்டும் சோதித்தால் இது அநேகமாகக் கண்ணில் படாது.

முதலில் கிடைத்தூரமும் செங்குத்துத் தூரமும் தனித்தனியே 8க்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் மட்டும் வர்க்கம் எடுங்கள். வேகமும் கூடும். கூடவே ஒன்று: இதன் சைன் 0 முதல் 1 வரையான சுற்றுக்கணக்கில் இயங்கும், குறியும் தலைகீழ், கால் சுற்றுக்கு -1 வரும். திரையில் கீழ்நோக்கித்தான் ஒய் அதிகரிக்கிறது என்பதால் இது வசதிதான், ஆனால் பாடப்புத்தகச் சூத்திரத்தை அப்படியே இறக்கினால் கப்பல் எதிர்த்திசையில் போகும்.

கேள்வி: கேம்பாய்க்கு சி மொழியில் எழுதிய விளையாட்டு எமுலேட்டரில் (கருவியைப்போல நடிக்கும் கணினி மென்பொருள்) அருமையாக ஓடுகிறது. ஃபிளாஷ் கேட்ரிட்ஜில் ஏற்றி நிஜக் கருவியில் போட்டால் சிலசமயம் லோகோவிலேயே நிற்கிறது, சிலசமயம் படம் சிதறுகிறது.

இரண்டும் தனித்தனி நோய்கள்.

லோகோவில் நிற்பது பூட்டின் வேலை. 1989இன் கேம்பாய்க்குள் 256 பைட் துவக்க நிரல் ஒன்று இருக்கிறது. அது கேட்ரிட்ஜின் தலைப்பகுதியிலிருந்து 48 பைட் லோகோவைப் படித்துத் திரையில் இறக்கி, தன்னிடம் உள்ள பிரதியோடு ஒப்பிடும். பிறகு தலைப்பகுதியின் சரிபார்ப்புத் தொகையைப் பார்க்கும். எது பொருந்தாவிட்டாலும் அங்கேயே நின்றுவிடும். பல எமுலேட்டர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுவதால் அங்கே பிரச்சினை தெரியாது. ஆகவே திரையைக் கவனியுங்கள். லோகோ கறுப்புக் கட்டையாகவோ சிதைந்தோ இறங்கினால் தொடர்புமுனைகளில் அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள். லோகோ பளிச்சென்று இறங்கியும் நின்றால் சரிபார்ப்புத் தொகை தப்பு. கேம்பாய் நிரல்களுக்கான ஆர்ஜிபிடிஎஸ் தொகுப்பின் ஆர்ஜிபிஃபிக்ஸ் கருவி அதைச் சரியாக எழுதிக்கொடுக்கும். முழு ரோமுக்கும் தனியாக ஒரு தொகை தலைப்பகுதியில் உண்டு, அதை கேம்பாய் பார்ப்பதே இல்லை.

படம் சிதறுவதற்கு முதல் சந்தேகம், திரை வரையும் நேரத்தில் வீடியோ நினைவகத்தில் எழுதுவது. ஒவ்வொரு வரியிலும் படத்துணுக்குகள் வரையப்படும் கட்டத்தில் அந்த நினைவகம் உங்களுக்கு மூடப்பட்டிருக்கும். நீங்கள் எழுதும் பைட் சத்தமில்லாமல் தொலைந்துபோகும். பாதுகாப்பான நேரம் 154 வரிகளில் கடைசி 10 வரி இடைவெளி. அது 1140 இயந்திரச் சுற்றுகள், ஏறத்தாழ 1.1 மில்லிசெகண்ட். சி மொழி லூப்பால் 1 கிலோபைட் வரைபடத்தை அதற்குள் நகர்த்த முடியாது. புதிய கட்டத்தை ஏற்றுவதென்றால் திரையை அணைத்துவிட்டு ஏற்றுங்கள். அணைப்பதும் அந்த இடைவெளிக்குள்தான் நடக்கவேண்டும். நடுவில் அணைத்தால் பழைய கருவிகளின் திரைக்கே கேடு வரலாம். விளையாட்டு ஓடும்போது மாறும் சில துணுக்குகளை மட்டும் வரிசையில் போட்டுவைத்து, இடைவெளிதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுங்கள்.

இரண்டாவது சந்தேகம், தொடக்க மதிப்பு கொடுக்காத மாறிகள். நிஜக் கருவி மின்சாரம் வந்ததும் நினைவகத்தில் குப்பையோடு எழும். பல எமுலேட்டர்கள் பூஜ்யத்தை நிரப்பிவைத்து உங்களைக் கெடுக்கின்றன. 'சிலசமயம்' என்று நீங்கள் எழுதியிருப்பதே இதற்கு நல்ல தடயம். எமுலேட்டரில் நினைவகத்தைத் தாறுமாறாக நிரப்பும் தெரிவு இருந்தால் அதை இயக்கிச் சோதியுங்கள்.

ஒரே வரியில் 10 ஸ்பிரைட்டுகளுக்கு (நகரும் படத்துணுக்குகள்) மேல் தெரியாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மொத்தம் 40 இருந்தாலும் 11ஆவது மறைந்துவிடும். இந்தச் செயலிக்குப் பெருக்கல், வகுத்தல் கட்டளைகளும் கிடையாது. மதிப்பெண்ணைக் காட்ட ஒவ்வொரு ஃபிரேமிலும் 10ஆல் வகுத்துக்கொண்டிருந்தால் நேரம் அங்கேதான் கரைகிறது. இலக்கங்களைத் தனித்தனி பைட்டுகளாகவே வைத்துக் கூட்டுங்கள்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 3இல் முன்பு லினக்ஸ் ஓடியதாமே. அதை ஏன் எடுத்தார்கள்? அத்தனை வலுவான பூட்டு எப்படித் திறந்தது?

2006இல் வந்த முதல் மாடல்களில் 'அதர் ஓஎஸ்' என்ற வசதி இருந்தது. அமெரிக்க விமானப்படையின் ஆய்வுக்கூடம் 1760 பிளேஸ்டேஷன் 3களை இணைத்துக் காண்டோர் என்ற கணினித் திரளையே கட்டியது. லினக்ஸ் வழியாக உள்கட்டமைப்பைக் குடைந்த ஆய்வாளர்கள் முன்னேறியதும், பாதுகாப்பைக் காரணம் காட்டி 2010 ஏப்ரல் 1இல் வந்த 3.21 மென்பொருள் அந்த வசதியை நீக்கியது. புதுப்பிக்காவிட்டால் இணைய விளையாட்டு இல்லை, புதுப்பித்தால் லினக்ஸ் இல்லை. விற்ற பொருளிலிருந்து ஒரு வசதியைப் பின்னாலிருந்து உருவுவது எந்தக் காரணம் சொன்னாலும் நியாயமில்லை. அதுவரை இந்தப் பூட்டில் அக்கறை காட்டாதவர்களையும் அது உள்ளே இழுத்தது.

அந்த ஆண்டு டிசம்பரில் பெர்லின் மாநாட்டில் ஃபெயில்ஓவர்ஃப்ளோ குழு ஓட்டையைக் காட்டியது. மென்பொருளுக்கு இடப்பட்ட கையொப்பம் இசிடிஎஸ்ஏ முறை. அதன் சமன்பாடு எளிது: ச = (ம + ர × த) ÷ க. இதில் ம செய்தியின் ஹாஷ், த இரகசியச் சாவி, க ஒவ்வொரு கையொப்பத்துக்கும் புதிதாக எடுக்கவேண்டிய சமவாய்ப்பு எண், ர அந்த 'க' எண்ணிலிருந்து பிறப்பது. கையொப்பத்தில் வெளியே தெரிபவை ரவும் சவும். இங்கே க மாறவே இல்லை, ஆகவே எல்லாக் கையொப்பத்திலும் ர ஒன்றே. இரண்டு கையொப்பங்களை எடுத்துக் கழித்தால் க = (ம1 − ம2) ÷ (ச1 − ச2). க கிடைத்ததும் த = (ச1 × க − ம1) ÷ ர. எல்லாம் ஒரு பெரிய பகா எண்ணின் மட்டுக் கணக்கில் நடக்கும், ஆனால் பள்ளி இயற்கணிதம்தான். அதுவரை வந்த விளையாட்டுகள் அந்தச் சாவிகளால் கையொப்பமிடப்பட்டவை என்பதால் அவற்றை ஒரேயடியாகத் தள்ளவும் வழியில்லை.

உங்கள் வேலையில் கையொப்பம் தேவைப்பட்டால் இந்த 'க' எண்ணை நீங்கள் தொடவே தேவையில்லாத இடி25519 முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அது 'க' எண்ணைச் சாவியிலிருந்தும் செய்தியிலிருந்தும் தானே வருவித்துக்கொள்ளும்.

கேள்வி: பூட்டை உடைக்காமல், இப்போதைய கன்சோலில் என் விளையாட்டைப் போட்டுப் பார்க்க வழி உண்டா?

எக்ஸ்பாக்ஸில் உண்டு. மைக்ரோசாஃப்டின் பார்ட்னர் சென்டரில் டெவலப்பர் கணக்கு தொடங்குங்கள். கன்சோலின் கடையிலிருந்து டெவ் மோடு செயலியை இறக்குங்கள். அது ஒரு குறியீட்டைக் காட்டும்; பார்ட்னர் சென்டரில் எக்ஸ்பாக்ஸ் கருவிகள் பக்கத்தில் அதைப் பதியுங்கள். கன்சோல் ஒரு புதுப்பிப்பை இறக்கி, டெவலப்பர் நிலையில் மறுபடி எழும். டெவ் ஹோம் திரையில் ஐபி முகவரி தெரியும். விஷுவல் ஸ்டூடியோவில் தளம் எக்ஸ்64, இலக்கு ரிமோட் மெஷின் என்று வைத்து அந்த முகவரியைக் கொடுத்து, கன்சோல் காட்டும் பின் எண்ணால் இணைத்தால் போதும்.

பலரும் தடுக்கி விழும் இடம்: ஏற்றிய நிரல் இயல்பாக 'ஆப்' வகையில் விழும். எக்ஸ்பாக்ஸ் ஒன்னில் அந்த வகைக்கு நினைவகம் 1 ஜிபிதான். டெவ் ஹோமில் அதன் வகையை 'கேம்' என்று மாற்றினால் 5 ஜிபி வரை கிடைக்கும். படம் ஏற்றும்போதே நிரல் செத்துப்போனால் முதலில் இதைப் பாருங்கள். டெவலப்பர் நிலையில் கடையில் வாங்கிய விளையாட்டுகள் ஓடாது. ஒவ்வொரு முறையும் மறுதொடக்கம் செய்து மாறவேண்டும்.

சோனி, நிண்டெண்டோ இரண்டிலும் விண்ணப்பித்து, இரகசிய ஒப்பந்தம் போட்டு, டெவ்கிட் (நிரலாளர்களுக்கான சிறப்புக் கன்சோல்) வாங்கித்தான் ஆகவேண்டும். கோடோ போன்ற திறமூல இஞ்சின்கள் கன்சோல் ஆதரவைப் பொதுவில் வைக்க முடியாததற்கும் அந்த ஒப்பந்தமே காரணம்.

கேள்வி: கணினியில் 60 ஃபிரேம் ஓடும் லுவா விளையாட்டு நிண்டெண்டோ ஸ்விட்சில் 20ஐத் தாண்டுவதில்லை. அதே லுவாஜிட்தானே?

பெயர் அதேதான், ஆனால் ஜிட் (ஓடும்போதே நிரலை இயந்திரக் குறிமுறையாக மாற்றும் பகுதி) அங்கே இல்லை. ஒரு நினைவகப் பக்கம் எழுதத்தக்கதாக இருக்கலாம் அல்லது இயக்கத்தக்கதாக இருக்கலாம், இரண்டுமாக இருக்கக்கூடாது என்பது கன்சோல்களின் பாதுகாப்பு விதி. ஓடும்போதே இயந்திரக் குறிமுறையை உண்டாக்குவது இதில் அடிபட்டுப்போகிறது. மிச்சம் இருப்பது ஒவ்வொரு கட்டளையாகப் படித்து இயக்கும் இன்டர்பிரெட்டர். செயலியும் 1 கிகாஹெர்ட்ஸ் அளவில் ஓடும் கார்ட்டெக்ஸ் ஏ57தான்.

கணினியிலேயே ஜிட்.ஆஃப்() என்ற வரியை முதலில் போட்டு அளந்துபாருங்கள், நிலைமை புரிந்துவிடும். ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16.67 மில்லிசெகண்ட். ஃபிரேம்தோறும் புது டேபிள் உண்டாக்குவதை நிறுத்தி, பழையவற்றையே திரும்பப் பயன்படுத்துங்கள். குப்பை அகற்றும் நேரம் குறையும். மோதல் கணக்கு, வழிதேடல் போன்ற கனமான லூப்புகளை சி மொழிக்கு நகர்த்துங்கள்.

யூனிட்டிக்காரர்களுக்கு இதே விதி வேறு முகம் காட்டும். யூனிட்டி இஞ்சினின் ஐஎல்2சிபிபி என்ற மாற்றுக்கருவி முன்கூட்டியே எல்லாவற்றையும் சி++ ஆக்கிவிடுகிறது. நேரடியாக யாரும் அழைக்காத வகுப்புகளை வெட்டியும் விடுகிறது. ரிஃப்ளெக்ஷனால் (ஓடும்போது வகுப்பைப் பெயரால் தேடி அழைப்பது) ஜேசன் தரவைப் படிக்கும் நிரல் கன்சோலில் மட்டும் 'மெத்தட் இல்லை' என்று சாகும். அந்த வகுப்புகளுக்கு பிரிசர்வ் அடையாளம் போடுங்கள்.

கேள்வி: ஸ்விட்சின் பூட்டு 2018இல் உடைந்ததாகச் சொல்கிறார்கள். ஒரு அப்டேட் விட்டு அடைத்திருக்கலாமே?

முடியாது. ஓட்டை இருந்தது டெக்ரா எக்ஸ்1 சில்லுக்குள் தொழிற்சாலையிலேயே பதித்த துவக்க ரோமில். மீட்பு நிலையில் யுஎஸ்பி வழியே வரும் ஒரு கோரிக்கை, தான் கேட்கும் நீளத்தைத் தானே சொல்லும். ரோம் அந்த நீளத்துக்கு மேல்வரம்பு பார்க்காமல் நகலெடுத்ததால் ஸ்டாக் (நிரல் தன் அடுத்த படியைக் குறித்துவைக்கும் நினைவகப் பகுதி) அழிந்தது. அப்டேட் எழுதும் இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. 2018 நடுவிலிருந்து செய்யப்பட்ட கருவிகளில் ரோமே திருத்தப்பட்டு வந்தது. பழைய கருவி கையில் இருந்தால் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதே கருவியில் உங்கள் முதன்மைக் கணக்கோடு இணையத்தில் நுழையாதீர்கள். தடை விழுந்தால் அந்தக் கருவிக்கு இணையச் சேவை கிடைக்காது.